கொல்லிப் பண்ணும் குலைந்த காலமும்

வாழ்க்கை ஒரே ஆண்டில் தலைகீழாகப் புரண்டுவிடுவது உண்டு. நெருங்கியவரின் மறைவு, உடலை முறிக்கும் நோய், நம்பிய கொள்கையில் விழும் விரிசல், ஊரைவிட்டுப் பெயர்தல் என ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேரும். அப்படிப்பட்ட காலத்தைப் பிறகு எப்படித் திரும்பிப் பார்ப்பது, அதில் இசைக்கு என்ன வேலை என்ற கேள்விக்குத் தமிழ் மரபு ஒரு தெளிவான விடையை வைத்திருக்கிறது. அந்த விடை, கொல்லி என்னும் பண்ணில் அமைந்த ஒரு பதிகத்தில் இருக்கிறது.

அந்தப் பண்ணின் பெயரையே தாங்கிய கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. மலைவாழ் மக்கள் தங்கள் ஊர்த்தொகுதிகளை நாடு என்றே வழங்குகின்றனர். அவற்றுள் ஒன்று வளப்பூர் நாடு. மிளகும் காப்பியும் பலாவும் விளையும் இந்த நாட்டில், ஐயாற்றின் அருகே, அறப்பளீசுவரர் கோயில் இருக்கிறது. அந்த ஆறுதான் சற்றுத் தள்ளி ஆகாய கங்கையாகப் பள்ளத்தில் விழுகிறது. திருநாவுக்கரசர் தம் திருத்தாண்டகம் ஒன்றில் சிவத்தலங்களை வரிசையாகச் சொல்லிவரும்போது, கொல்லியில் உள்ள குளிர்ந்த அறைப்பள்ளியையும் சேர்த்தே சொல்கிறார். வாழ்வின் நெறிகளைப் பேசும் அறப்பளீசுர சதகத்தை அம்பலவாணக் கவிராயர் பாடியதும் இந்த இறைவனை முன்னிறுத்தித்தான்.

கொல்லிமலையின் மிகப் பழைய இசைச் செய்தி அந்த மலையின் தலைவன் வல்வில் ஓரியைப் பற்றியது. புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் ஒரு காட்சியைக் காட்டுகிறார். காட்டில் ஒரே அம்பால் பல விலங்குகளை வீழ்த்திய வேட்டுவன் ஒருவனைப் பாணர் கூட்டம் காண்கிறது. அவன் யாரென்று தெரியாமலே அவன்முன் பாட முனைகிறார்கள். முழவில் மண் அமைக்கிறார்கள், யாழில் பண் நிறுத்துகிறார்கள், தூம்பும் எல்லரியும் ஆகுளியும் எடுக்கிறார்கள், பதலையின் ஒரு கண்ணை மெல்ல இயக்குகிறார்கள். முறையாகப் பாடி முடித்து ‘கோ’ என்று விளித்தபோது அந்த வேட்டுவன் நாணி நிற்கிறான். அவன்தான் ஓரி.

அடுத்த பாடலான 153இல் அதே புலவர் வேறொன்றைச் சொல்கிறார். ஓரி அள்ளிக் கொடுத்ததால் பாணர்களுக்குப் பசியே இல்லாமல் போயிற்று. அதனால் அவர்கள் ஆடலையும் பாடலையும் மறந்துவிட்டார்கள். இது வள்ளலைப் புகழும் பாட்டு. ஆயினும் வாழ்வைப் பற்றிய உண்மை ஒன்றும் இதில் உண்டு. குறையற்ற காலத்தில் பாட்டு நழுவிப் போகலாம். அந்த வளமும் நிலைக்கவில்லை. மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்று அகநானூறு கூறுகிறது. ஒரே போரில் மலையின் தலைவனும் போனான், பாணரின் புரவலனும் போனான்.

வளத்தில் மறந்த பாட்டு துன்பத்தில் திரும்பி வந்ததற்குச் சான்று, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருநாவுக்கரசரின் வாழ்க்கை. அதை விரிவாகச் சொல்வது பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம். திருவாமூரில் புகழனார், மாதினியார் தம்பதிக்குப் பிறந்தவர்கள் திலகவதியாரும், பின்னாளில் திருநாவுக்கரசர் ஆன மருள்நீக்கியாரும். திலகவதியாருக்குக் கலிப்பகையார் என்ற படைத்தலைவரை மணம் பேசினார்கள். மணம் நடக்கும் முன்பே அவர் அரசனின் ஏவலால் வடபுலத்துப் போருக்குப் போனார். அவர் போர்முனையில் இருக்கும்போதே புகழனார் நோயுற்று இறந்தார். மாதினியாரும் கணவரைத் தொடர்ந்து உயிர்விட்டார். அடுத்து, கலிப்பகையார் போரில் மாண்ட செய்தி வந்தது. திலகவதியாரும் உயிர்விடத் துணிந்தார். தம்பி காலில் விழுந்து, நீர் இல்லையென்றால் நானும் இல்லை என்று மன்றாடியதால் அவனுக்காக உயிர் தாங்கினார்.

இத்தனை இழப்புகளை அடுத்தடுத்துக் கண்ட தம்பி முதலில் பாடவில்லை. அறச்சாலை அமைத்தார், தண்ணீர்ப்பந்தல் வைத்தார், குளம் தொட்டார். உலகம் நிலையாது என்று தெளிந்து, எது மெய்ந்நெறி என்று தேடினார். சமண நெறியில் சேர்ந்து, பாடலிபுத்திரம் என்று அன்று வழங்கிய திருப்பாதிரிப்புலியூரில் தருமசேனர் என்ற பெயருடன் பெரும் அறிஞராக விளங்கினார். அக்காவோ திருவதிகைக்குப் போய்க் கோயிலைப் பெருக்கி மெழுகும் பணியில் தன்னைக் கரைத்துக்கொண்டார். ஒரே துயரத்தை இருவரும் இரு வழியில் சுமந்தார்கள்.

பின்னர் தருமசேனரைச் சூலை நோய் பற்றியது. உடனிருந்தவர்களின் மந்திரமும் மருத்துவமும் பலிக்கவில்லை. சமையல்காரனை அக்காவிடம் அனுப்பினார். சமணர் இருக்கும் இடத்துக்கு வரமாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். பாயையும் குண்டிகையையும் மயிற்பீலியையும் விட்டு, வெள்ளாடை உடுத்தி, இருளில் ஆள் துணையோடு திருவதிகை மடத்துக்கு வந்து அக்காவின் காலில் விழுந்தார். அக்கா திருநீறு கொடுத்தார். விடியுமுன் துடைப்பமும் சாணமும் தோண்டியும் எடுத்துக் கோயிலுக்குப் புறப்பட்டபோது தம்பியையும் உடன் அழைத்துப் போனார். அங்கே பிறந்ததுதான் நான்காம் திருமுறையின் முதல் பதிகம், ‘கூற்றாயினவாறு’. அதன் பண் கொல்லி.

நிலைகுலைந்த காலத்தைத் திரும்பிப் பார்ப்பதற்கு இந்தப் பதிகம் ஒரு முறையை வகுத்துத் தருகிறது. தொடக்கம் உடலில் இருக்கிறது. வயிற்றுக்குள் குடரைச் சுருட்டி முடக்கும் வலியை மறைக்காமல், அது எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்கிறார். தத்துவம் பேசி வலியைச் சிறுமைப்படுத்தவில்லை. அடுத்து, செய்த தவறுகளின் கணக்கு தனக்கே முழுதாகத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். துன்பப்பட்டவர் ஒவ்வொரு வலிக்கும் காரணம் கண்டுபிடித்துத் தன்னைத் தானே தண்டித்துக்கொள்ளத் தேவையில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. மூன்றாவதாக, பூவையும் நீரையும் தூபத்தையும் தமிழோடு இசைந்த பாட்டையும் தான் மறந்ததே இல்லை என்கிறார். பல ஆண்டு வேறு நெறியில் இருந்தவர் சொல்லும் சொல் இது. அறுந்துபோனது என்று நினைத்த இழை உள்ளுக்குள் அறாமல் இருந்ததைத் திரும்பிப் பார்க்கும் கண் கண்டுகொள்கிறது. பாட்டுக்குப் பாட்டு நிலை மாறினாலும், கெடிலக் கரையின் வீரட்டானத்து இறைவனை அழைக்கும் முடிப்பு மட்டும் மாறுவதில்லை. எல்லாம் ஆடிக்கொண்டிருக்கும்போது மனத்துக்குப் பிடித்துக்கொள்ள ஒன்று வேண்டும். அதை அந்த முடிப்பு தருகிறது.

பண்ணும் இதற்குப் பொருந்தியே இருக்கிறது. இன்றைய ஓதுவார் மரபில் கொல்லிப் பண் நவரோசு இராகத்தில் பாடப்படுகிறது. அந்த இராகம் கீழ்ப் பஞ்சமத்தில் தொடங்கி நடுத்தானத்துப் பஞ்சமத்தோடு நின்றுவிடும்; மேல் சட்சத்தை எட்ட முயல்வதில்லை. நோயாலும் துயராலும் மூச்சு குறைந்தவர் கூடத் தம் குரலின் தாழ்ந்த பகுதியிலேயே இதைப் பாடிவிட முடியும்.

சொந்தக் குரல் எழாதபோது பிறர் பாடலாம் என்பதற்கும் சான்று உண்டு. கொல்லிமழவன் என்ற தலைவனின் மகளுக்கு முயலகன் என்னும் நோய் கண்டது. செய்வதறியாத தந்தை மகளைத் திருப்பாச்சிலாச்சிராமத்துக் கோயிலில் கிடத்தினான். திருச்சிக்கு அருகே இன்று திருவாசி எனப்படும் ஊர் அது. அங்கு வந்த திருஞானசம்பந்தர் அவளுக்காகப் பதிகம் பாட, அவள் எழுந்து தந்தையிடம் வந்தாள் என்கிறது பெரியபுராணம். அந்தப் பெண் ஒரு சொல்லும் பாடவில்லை.

எல்லாப் பாட்டும் ஆற்றுமா என்றும் கேட்க வேண்டும். உரோமானிய அறிஞர் போயத்தியசு பதவியிழந்து, மரணதண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் இருந்தபோது, சுமார் 524ஆம் ஆண்டில், உரைநடையும் பாட்டும் மாறி மாறி வரும் ஒரு நூலை எழுதினார். அந்த நூலில், துயரை வளர்க்கும் கலைத்தெய்வங்களை அவர் படுக்கையருகிலிருந்து மெய்யறிவு என்னும் பெண் துரத்துகிறாள். பிறகு தானே பாடித் தேற்றுகிறாள். ஒரே காயத்தைக் கீறிக்கொண்டே இருக்கும் பாட்டும் உண்டு, காயத்தை அளந்து சொல்லி அடுத்த அடிக்கு நகர்த்தும் பாட்டும் உண்டு என்பதை அவரும் உணர்ந்திருந்தார்.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களின் ஒப்பாரி இந்த இரண்டாம் வகை. இறந்தவர் வாழ்ந்த வாழ்வு, பட்ட பாடு, விட்டுப்போன உறவு எல்லாவற்றையும் பெண்கள் மெட்டோடு சொல்லி அழுகிறார்கள். மற்றவர்கள் தோள் சேர்த்து உடன் அழுகிறார்கள். அதன்பின் முதல் ஆண்டு முழுவதும் துக்க வீட்டில் பண்டிகை இல்லை, தலைத்திவசம் கழிந்த பிறகே கொண்டாட்டம் திரும்பும். துயரத்துக்கு ஓர் ஆண்டுக் காலம் கொடுப்பதும், அதன் தொடக்கத்திலேயே வாய்விட்டுப் பாட இடம் கொடுப்பதும் அறிவுடைய ஏற்பாடுகள். நகரத்து வீடுகளில் ஒப்பாரி மறைந்து, துக்கம் கேட்க வருபவர்களும் பேசாமல் எழுந்து போகும் நிலை வந்திருப்பது பெரிய இழப்பு.

இசை நோயை நீக்கும் என்று எல்லோருக்கும் உறுதி சொல்ல முடியாது. சிதறிய நாட்களை ஒரு வரிசைக்குக் கொண்டுவர அதனால் முடியும். கடினமான ஓர் ஆண்டைக் கடந்து வந்தவர்கள் அதை மறக்கவும் வேண்டாம், அதற்குள்ளேயே குடியிருக்கவும் வேண்டாம். தெரிந்த பாட்டு ஒன்றை, தாழ்ந்த குரலிலானாலும் சரி, நாள்தோறும் வாய்விட்டுப் பாடுங்கள். பாட முடியாதவர் பக்கத்தில் இருந்தால் அவருக்காக நீங்கள் பாடுங்கள்.