ஏலமலை முதலாளி

விடியுமுன் போடியில் தோட்ட ஜீப்புகள் ஆளேற்றத் தொடங்கிவிடும். பெண்கள் தூக்குவாளியை மடியில் வைத்து நெருக்கியடித்து உட்காருவார்கள். முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் போடிமெட்டு, அப்புறம் கேரளம்.

அந்த நெருக்கடியிலும் ஒருத்தி செல்போனில் தொடர்கதை படிக்கிறாள் என்று வையுங்கள். இப்போது 'ஆன்ட்டி ஹீரோ' கதைகளுக்குக் கிராக்கி. மழை, மலை பங்களா, முரட்டு எஸ்டேட் முதலாளி. கடத்துவான், கட்டாயத் தாலி கட்டுவான், வேண்டாம் என்ற பிறகும் தொடுவான், கடைசி அத்தியாயத்தில் உருகிப்போவான். எழுதுவதும் படிப்பதும் பெரும்பாலும் பெண்களே. (அந்த முதலாளி ஒருநாளும் ஏலக்காய் விலை விசாரிப்பதில்லை. போடிக்காரர்களுக்கு அங்கேயே நம்பிக்கை போய்விடும்.)

படிக்கிறவளின் ஆசையே அதுதான் என்று தீர்ப்புச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பேய்ப்படம் பார்ப்பவன் பேயோடு குடித்தனம் நடத்தவா ஏங்குகிறான்? கதை பிடிக்காவிட்டால் அவள் போனை அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். கதையின் முதலாளி திருந்திவிடுவான் என்பதும் முதல் அத்தியாயத்திலேயே அவளுக்குத் தெரியும்.

கதை வேறு, வாழ்வு வேறு என்பதில் நம் இலக்கணக்காரர்கள் தெளிவாக இருந்தார்கள். அகப்பாட்டில் நாடக வழக்கு உண்டு, உலகியல் வழக்கும் உண்டு என்றது தொல்காப்பியம். மலை குறிஞ்சி, புணர்தலுக்கு உரிய நிலம். அதற்காக மலையில் இருந்தவர்கள் எல்லாம் சதா காதலித்துக்கொண்டிருந்தார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்திணையில் எவர் பெயரையும் சுட்டக் கூடாது என்றும் விதி செய்தார்கள். இருட்டையும் ஒளிக்கவில்லை. மடலேறுவதிலிருந்து காமம் மிஞ்சி வன்மை காட்டுவது வரை நான்கைச் சொல்லி, பெருந்திணை என்று தனிப்பெயர் கொடுத்து, அன்பின் ஐந்திணைக்கு வெளியே நிறுத்தினார்கள்.

இன்றைய கதைகளோடு எனக்குச் சண்டை இந்த இடத்தில்தான். பெருந்திணையைத் தாராளமாக எழுதுங்கள். ஐந்திணை என்று முத்திரை குத்தி விற்காதீர்கள். 'முதல்ல வேணாம்பா, போகப்போகச் சரியாயிருவா' என்ற வசனத்தைக் கதைக்கு வெளியே, தோட்டத்திலும் சொல்லித் திரிகிற ஆட்கள் உண்டு.

ஏலச்செடி ஆளுயரம் தாண்டி வளரும். காயோ வேரடியில் மண்ணை ஒட்டிய சரத்தில் இருக்கும். பறிக்கிறவள் தூரடியில் குந்தித் தழையை விலக்க வேண்டும். நாலு செடி தள்ளி இருப்பவளுக்கு அவள் தலைகூடத் தெரியாது. அங்கே முதுகுக்குப் பின்னால் ஒருவன் வந்து நின்றால், அணைத்து வைக்க அது போன் இல்லை. திருந்துவான் என்று எந்த எழுத்தாளரும் உத்தரவாதம் தரப்போவதுமில்லை.

பணியிடப் பாலியல் தொல்லைக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தோட்டக் கூலிக்கும் பொருந்தும். வேலை செய்வோர் 10 பேருக்குக் குறைவு என்றாலும், புகாரே முதலாளி மேல்தான் என்றாலும், மாவட்டத்தில் உள்ள உள்ளூர்க் குழுவிடம், சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம். முதலாளி ஏற்பாடு செய்த வண்டியும் அந்தச் சட்டத்தின் கண்ணில் பணியிடமே. ஜீப்பில் பக்கத்தில் உட்காருகிறவளிடம் இதைச் சொல்லி வையுங்கள்.