வெயில் மாதத்தில் எடுத்து வைக்கும் கிறிஸ்துமஸ்

கடலோர ஊரான மரக்காணத்தில் உப்புக்கு ஒரு காலண்டர், பண்டிகைக்கு வேறொரு காலண்டர். பொங்கல் முடிந்து மழைத் தண்ணீர் வடிந்த பிறகுதான் பாத்திகளில் சேறு வாரி, மிதித்து இறுக்கி, உவர்நீர் பாய்ச்சுகிறார்கள். மாசி பங்குனியில் உப்பு வாரத் தொடங்கினால், வெயில் இருக்கும்வரை வேலை இருக்கிறது, வேலை இருக்கும்வரை கூலி இருக்கிறது. ஐப்பசி மழை விழுந்ததும் மூவாயிரம் ஏக்கருக்கும் அதிகமான உப்பளங்கள் ஏரிபோல நிறைந்துவிடுகின்றன. தீபாவளி ஐப்பசியில் வருகிறது, கிறிஸ்துமஸ் மார்கழியில், பொங்கல் தையில். காசு புழங்கும் மாதங்களில் பெரிய பண்டிகை அதிகமில்லை. பண்டிகை வரிசையாக வரும் மாதங்களில் காசு இல்லை.

டிசம்பர் 25-க்கான புதுத்துணிக்கும் பரிசுக்கும் பிப்ரவரி, மார்ச்சிலேயே பணம் ஒதுக்க வேண்டும் என்ற அறிவுரை மாதச் சம்பளக்காரருக்கு வீட்டு நிர்வாகக் குறிப்பு, அவ்வளவே. உப்பளக் கூலி வாங்கும் கிறிஸ்தவக் குடும்பத்துக்கு அது அறம் சார்ந்த கேள்வியாகிவிடுகிறது. மார்ச் மாதக் கூலியில் எடுத்து வைக்கும் நூறு ரூபாய் வேறு ஏதோ ஒன்றிலிருந்துதான் வரும்: குழந்தையின் பாலிலிருந்து, தாத்தாவின் மாத்திரையிலிருந்து, ஜூனில் வாங்க வேண்டிய நோட்டுப் புத்தகத்திலிருந்து. இன்றைய தேவையைக் குறைத்து நாளைய மகிழ்ச்சிக்கு வைப்பது சரியா? வைக்காமல் விட்டுவிட்டு டிசம்பரில் கடன் வாங்குவது சரியா? இரண்டும் வேண்டாம், ஏழைக்கு எதற்குப் பரிசெல்லாம் என்று கேட்பவர்களும் உண்டு.

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம், அது பிழையான கேள்வி என்பதால். கொடுப்பது பணம் உள்ளவரின் தனியுரிமை கிடையாது. ஆண்டு முழுவதும் பிறரிடம் வாங்கும் நிலையிலேயே வைக்கப்பட்டிருக்கும் ஒருவர், கூலியும் முன்பணமும் நிவாரணமும் வாங்கியே பழகிய ஒருவர், ஒரு நாளாவது கொடுப்பவராக நிற்க ஆசைப்படுகிறார். மகளுக்கு ஒரு பாவாடை, மாமியாருக்கு ஒரு சேலை, கிறிஸ்துமஸ் கொண்டாடாத பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டு முறுக்கும் கேக்கும். இதை வீண் செலவு என்று கணக்கெழுதுகிறவர் மனிதரை வயிற்றோடு நிறுத்திக்கொள்கிறார்.

ஆகவே எடை போட வேண்டியது ஒதுக்கிய பணத்தையும் கடனையும்தான். உப்பளத்து அம்பாரத்தைப் பார்த்தால் இது கொஞ்சம் தெளிவாகும். வாரிய உப்பு முழுவதையும் உடனே விற்றுவிடுவதில்லை. ஒரு பகுதியைக் குவித்து, ஓலையாலோ தார்ப்பாயாலோ மூடி வைத்து, உற்பத்தி நின்று விலை ஏறும் மழைக்காலத்தில் விற்கிறார்கள். உப்பை அப்படிச் சேமித்து வைக்கலாம்; உழைப்பை முடியாது. ஏப்ரலில் வேலை செய்யாமல் விட்ட நாளை நவம்பரில் எடுத்து விற்க எந்தத் தொழிலாளிக்கும் வழியில்லை. அவருக்கென்று அம்பாரம் ஒன்று உண்டென்றால் அது எடுத்து வைத்த கூலி மட்டுமே. அந்தச் சின்னக் குவியலும் இல்லாவிட்டால் மழைக்காலம் முழுவதையும் பிறர் தயவில்தான் ஓட்ட வேண்டும்.

கடனின் கணக்கையும் பார்க்கலாம். டிசம்பரில் திண்டிவனத்துக்கோ புதுச்சேரிக்கோ போய்த் துணி எடுக்க ₹5,000 கைமாற்று வாங்குவதாக வைத்துக்கொள்வோம். ஊர் வழக்கில் அஞ்சு வட்டி என்றால் நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய். மாதம் ₹250. கூலி முறையாகக் கைக்கு வரும் ஏப்ரல், மே வரை அசல் அப்படியே நிற்கும். வட்டி மட்டும் ₹1,250 போயிருக்கும். அதே ஐயாயிரத்தை வாரம் ₹150 வீதம் சேர்த்தால் 34 வாரத்தில் ₹5,100. மார்ச் தொடங்கி அக்டோபருக்குள் முடிந்துவிடும். கணக்கு இவ்வளவு எளிதாக இருந்தும் இது அறக்கேள்வியாக ஏன் நிற்கிறது என்றால், கடனைத் தீர்ப்பவர் யார் என்பதால்தான். துணி எடுத்தவர் அப்பா. ஆனால் மே மாத வட்டிக்காக முட்டையும் மீனும் குறைவது பிள்ளைகளின் தட்டில். ஜூனில் பள்ளிக்கூடச் செருப்பு தள்ளிப்போவதும் அவர்களுக்கே. பரிசு வாங்கிய குழந்தையே, கேட்கப்படாமல், அந்தப் பரிசின் விலையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. முன்பணம் இன்னும் மோசம். அடுத்த பருவத்துக் கூலியை இந்தப் பருவத்திலேயே செலவழித்தவர், கூலி குறைவென்று வேறு அளத்துக்குப் போகும் சுதந்திரத்தையும் சேர்த்து விற்றுவிடுகிறார். ஒரு நாள் சந்தோஷத்துக்கு அது அதிக விலை.

இப்படிக் கணக்கு பார்த்துக் கொடுத்தால் அன்பு எங்கே என்று சிலர் கேட்பார்கள். தோன்றியபோது கொடுப்பதுதான் பரிசு, ஒன்பது மாதம் முன்பே விலை நிர்ணயித்துக் கொடுப்பது கடமை என்பார்கள். வள்ளுவர் இதில் செய்திருக்கும் ஒரு காரியம் கவனிக்கத் தக்கது. ஒப்புரவறிதலும் ஈகையும் குறளில் அடுத்தடுத்த அதிகாரங்கள். ஆனால் தன் வருவாயின் அளவறிந்து கொடு என்ற அறிவுரையை அவர் அங்கே வைக்கவில்லை. அரசனுக்குப் படையெடுப்பைப் பற்றிச் சொல்லும் வலியறிதல் அதிகாரத்தில் வைத்தார். வரவு சிறிதானாலும் செலவு பெருகாவிட்டால் கேடில்லை என்ற கருத்தும் அங்கேதான் வருகிறது. கொடுப்பவரின் நெஞ்சை ஓரிடத்தில் பேசிவிட்டு, கொடுக்கும் வலிமையை வேறிடத்தில் அளக்கச் சொல்கிறார். அளப்பதால் நெஞ்சு சுருங்கிவிடும் என்று அவர் நினைத்ததாகத் தெரியவில்லை. ஏப்ரல் வெயிலில், கண் கூசும் வெள்ளைக்கு நடுவில், உப்புநீர் கால் வெடிப்பில் எரிய நின்று சம்பாதித்ததில் ஒரு நோட்டை மடித்து டப்பாவில் போடும்போது ஒருவர் தன் பிள்ளையை நினைக்கிறார். அடுத்த வாரமும் நினைக்கிறார். டிசம்பர் 24 மாலை கடைக்கு ஓடுகிறவர் ஒரு தடவை நினைப்பதை இவர் முப்பத்து நான்கு தடவை நினைத்திருக்கிறார்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஜூலையில் பக்கத்து வீட்டில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை, ஆஸ்பத்திரிக்கு அவசரமாகப் பணம் வேண்டும். டப்பாவில் கிறிஸ்துமஸுக்கென்று ₹2,500 இருக்கிறது. அந்தப் பணம் யாருடையது? பிள்ளைகளுக்கு மனதுக்குள் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், கண்ணெதிரே துடிக்கும் உயிர் ஒரு பக்கம். இதில் தயங்க இடமில்லை, உடைக்கத்தான் வேண்டும். இயேசுவின் பிறப்பைக் கொண்டாட வைத்த பணத்தை நோயாளியிடமிருந்து காப்பாற்றி வைப்பது அந்தப் பிறப்பையே மறுப்பதாகும். உடைத்தவர் குற்ற உணர்ச்சி கொள்ளவும் வேண்டியதில்லை. ஆனால் உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் மொய் நோட்டில் பெரிய தொகை எழுத வேண்டும், இல்லாவிட்டால் கௌரவம் போய்விடும் என்பதற்காக அதே டப்பாவைத் திறப்பது வேறு கதை. அவசரத்தையும் பெருமையையும் பிரித்தறிவதுதான் இங்கே கடினம். பெருமை பெரும்பாலும் அவசரத்தின் குரலில்தான் பேசும்.

டப்பா போதாதென்றுதான் ஊர்கள் சீட்டைக் கண்டுபிடித்தன. கையில் இருந்தால் செலவாகிவிடும் என்று மனிதருக்குத் தன்னைப் பற்றியே தெரியும். அதனால் பிறர் கையில் கொடுத்து வைக்கிறார்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் கார்லைல் டிரஸ்ட் கம்பெனி 1909-இல் கிறிஸ்துமஸ் கிளப் தொடங்கியதும் இந்த அறிவை வைத்துத்தான். வாரந்தோறும் சிறு தொகை, டிசம்பரில் மொத்தமாகக் கையில். நம்மூர் தீபாவளிச் சீட்டு அதன் பங்காளி. இதில் கட்டுபவரின் அறத்தைவிட வாங்கி வைப்பவரின் அறம் பெரிது. பிரிட்டனில் ஃபேர்பாக் என்ற நிறுவனம் கிறிஸ்துமஸ் பொருட்களுக்காக ஆண்டு முழுவதும் பணம் வாங்கி, 2006 அக்டோபரில் கவிழ்ந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கட்டிய பணம் பண்டிகைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது போயிற்று. பல ஆண்டுகள் கழித்து ஏறத்தாழப் பாதிதான் திரும்பியது. தமிழ்நாட்டிலும் சீட்டுப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் காவல் நிலைய வாசலில் நிற்கும் காட்சி புதிதல்ல. 1982-ஆம் ஆண்டின் சீட்டு நிதிச் சட்டம் இருக்கிறது, முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களுக்கு எதிராக 2019-இல் வந்த சட்டமும் இருக்கிறது. இருந்தாலும் சீட்டு பிடிப்பவர் தெரிந்த அக்கா, நல்ல மனுஷி என்பதற்காக ரசீது கேட்காமல் கொடுப்பதுதான் வழக்கம். ரசீது கேட்பது அவமானப்படுத்துவதாகாது. அந்தப் பணத்தில் ஒரு குழந்தையின் உடுப்பு இருக்கிறது. நல்ல மனுஷி கேட்காமலே எழுதித் தருவார். அஞ்சலகக் கணக்கும் மகளிர் சுய உதவிக் குழுவும் இந்த விஷயத்தில் மேல்.

திட்டமிடும் கடமையைக் கூலி வாங்குபவர் தலையில் மட்டும் ஏற்றுவதும் அநீதி. சிக்கனத்தை அவருக்குச் சொல்கிற அதே வாயால், அளம் நடத்துபவர் பருவ முடிவில் என்ன கொடுக்கிறார் என்றும் கேட்க வேண்டும். மழைக்கால அம்பாரத்தின் விலையேற்றத்தில் அதை வாரியவருக்கும் பங்குண்டு. மழை வந்து வேலை முடியும்போது பாக்கியின்றிக் கூலியும் கையில் ஒரு தொகையும் கொடுத்தனுப்பினால், பல வீடுகளில் கடன் தானாகக் குறையும். உற்பத்தி இல்லாத மழைக்காலத்துக்காக உப்பளத் தொழிலாளருக்கு ஆண்டுக்கு ₹5,000 நிவாரணம் தரும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நல்ல காரியம். அது அரிசிக்கும் அடுப்புக்குமான பணம். அதையே பண்டிகைக்கும் நீட்டச் சொன்னால் இரண்டும் கிழியும்.

திட்டம் போட்டாலும் இந்தக் கரையில் நடுவில் கடல் இருக்கிறது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல், 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி மரக்காணம் அருகே கரை கடந்த நிவர், 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல். 2004-இல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில்தான் சுனாமி வந்தது. இதையெல்லாம் பார்த்தவர் எதற்காகச் சேர்க்க வேண்டும் என்று கேட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓலை மூடியிருந்தும் மழை கரைத்த அம்பாரங்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது; அதற்காக யாரும் மறுவருடம் மூடாமல் விட்டதில்லை.

இன்னொன்று பேசப்படாமலே போகிறது. மார்ச்சில் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பட்டியல் எழுதுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். பெரியவனுக்குச் சட்டை, சின்னவளுக்குப் பாவாடை, மாமியாருக்குச் சேலை, வீட்டுக்காரருக்கு வேட்டி, அக்கம்பக்கத்துக்குப் பலகாரம். எழுதுகிறவளின் பெயர் அதில் இருப்பதில்லை. உப்பு வாருவதில் பாதி வேலை அவளுடையது. தன் கூலியில் குறைத்துச் சேர்ப்பதும் அவள். அவளுக்கும் ஒரு சேலை அந்தப் பட்டியலில் விலையோடு எழுதப்பட வேண்டும், அதுவும் மார்ச்சிலேயே, வீட்டில் வேறொருவர் கையால். டிசம்பரில் மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்று விட்டால் மிச்சம் இருக்காது.