கூலியும் தொண்டும்: முதியோர் இல்லத்தில் தாதிப் பணி

முதியவரைப் பராமரிக்கச் சம்பளம் வாங்கினால் அது தொண்டாகுமா? தாதிப் பயிற்சி முடித்து முதல் வேலை தேடும் தோட்டத்துப் பெண்ணுக்கு இது ஏட்டுக் கேள்வி அல்ல. இறக்குவானையிலோ எட்டியாந்தோட்டையிலோ லயத்தில் வளர்ந்தவரைச் சாப்பாடும் தங்குமிடமும் தருவதாகச் சொல்லிக் கொழும்புப் பக்கத்து முதியோர் இல்லம் அழைக்கிறது. சம்பளப் பேச்சை எடுத்தால், புண்ணியமான வேலைக்குக் கணக்குப் பார்க்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக்கி, நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பணி செய்பவரையும் சேர்க்கிறது. சரக சம்ஹிதை அத்தகையவரிடம் எதிர்பார்ப்பது பணியறிவு, திறமை, அன்பு, தூய்மை. வயிற்றுப்போக்கில் கவனிப்பாரின்றிக் கிடந்த பிக்குவை ஆனந்தருடன் சேர்ந்து புத்தரே கழுவிப் படுக்க வைத்ததாக விநய பிடகம் கூறுகிறது. சைவத்தில் கையால் செய்யும் திருத்தொண்டுக்குச் சரியை என்று தனி நெறியே இருக்கிறது. இவை எல்லாம் பணியை உயர்த்துகின்றன. ஆனால் பணி செய்பவர் பட்டினி கிடந்தால்தான் அது புனிதம் என்று சொல்லவில்லை.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பணியை ஒழுங்காகச் செய்ய இல்லம் இடம் கொடுக்கிறதா என்பதுதான். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறையாவது புரட்டிப் படுக்க வைப்பது வழக்கமான விதி. புரட்டும்போது குதிகாலையும் இடுப்பெலும்பின் அடிப்பகுதியையும் பார்க்க வேண்டும். அங்கே தோல் சிவந்து, விரலால் அழுத்தியும் வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. ஒருவருக்கு ஆறு நிமிடம் என்றாலும் இருபது பேருக்கு 120 நிமிடம். இரவில் ஒரே தாதி என்றால், கடைசி ஆளை முடிக்கும்போது முதல் ஆளின் முறை மீண்டும் வந்துவிடும். மருந்துக்கும் தண்ணீருக்கும், பயந்து கூப்பிடுபவரின் கையைப் பிடிப்பதற்கும் நேரம் எங்கே? அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு அன்புள்ளவரும் தவறுக்கு உடந்தையாகவே நேரிடும்.

சம்பளம் அடுத்தது. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில் வழங்குநர் 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்குத் தொழில் வழங்குநர் 3 வீதம். கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற தாய்க்குக் கடைசியில் கையில் மிஞ்சுவது எது என்று தோட்டத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சேவையின் பெயரால் அந்தப் பணத்தைக் கட்டாமல் விடுவது அநீதி. விசுவாசம் எதிர்பார்க்கப்பட்டு உரிமை மறுக்கப்பட்ட கதை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தைக் கண்ட மலையகத்துக்குப் புதிதல்ல.

கடினமான கேள்வி வீட்டில் இருக்கிறது. பிறர் பெற்றோரைக் குளிப்பாட்டப் போகும் மகளின் சொந்தத் தாய் லயத்தில் தனியே இருமிக்கொண்டிருக்கலாம். பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணிக்கக் கூடாது என்கிறது 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். தூரத்தில் வேலை செய்வது மட்டும் புறக்கணிப்பு ஆகாது. மாதக்கணக்கில் லீவு கிடைக்காமல், கிளினிக்குக்குக் கூட்டிப்போகவும் ஆளில்லாமல் போவதுதான் புறக்கணிப்பு. அந்தச் சுமையை மகள் ஒருத்தியின் தலையில் மட்டும் வைப்பதும் அறமல்ல, மகன்களுக்கும் அதில் பங்குண்டு.

இரவில் ஒரு தாதிக்கு எத்தனை பேர், மாதத்தில் எத்தனை நாள் லீவு, சேமலாப நிதி எப்போதிலிருந்து என்ற மூன்றையும் நியமனக் கடிதத்தில் எழுதித்தரும்படி கேட்க வேண்டும். எழுதித்தர மறுக்கும் இல்லத்தை வேண்டாம் என்று சொல்வதில் எந்தப் பாவமும் இல்லை.