கொடி இறங்காத கப்பல்

எம்டன் என்றால் தமிழ்நாட்டில் விளக்கம் தேவையில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் போர்க்கப்பல் அது. சிறைபிடித்த வணிகக் கப்பல்களின் மாலுமிகளை உயிரோடு அனுப்பிவைத்தவர் என்று அதன் கேப்டன் கார்ல் ஃபான் முல்லருக்கு எதிரிகளிடமே நல்ல பெயர் இருந்தது. எம்டனை முடித்துவைத்த பிரிட்டிஷ் அதிகாரி ஜான் கிளாசப்பின் பெயர் இங்கே அநேகமாக யாருக்கும் தெரியாது. ஆனால், போரில் அறம் எது என்று யோசிப்பவருக்கு முல்லரைவிடக் கிளாசப்தான் கடினமான கேள்வி.

கிளாசப் 1871-இல் பிறந்து, 1887-இல் கடற்படையில் சேர்ந்து, படிப்படியாக ஏறி 1911-இல் கேப்டன் ஆனவர். 1914-இல் ஆஸ்திரேலியக் கடற்படையின் ‘சிட்னி’ அவர் பொறுப்பில் இருந்தது. நவம்பர் 9 காலை, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல் கூட்டத்துக்குக் காவலாகப் போய்க்கொண்டிருந்தபோது, கோகோஸ் தீவின் தந்தி நிலையத்திலிருந்து அபயக்குரல் வந்தது. காவலுக்குத் தலைமை வகித்த ‘மெல்போர்ன்’ கேப்டன் சில்வர் முதலில் தானே புறப்பட்டார். பிறகு, கூட்டத்தை விட்டுப் போவது தன் கடமை ஆகாது என்று திரும்பிவந்து சிட்னியை அனுப்பினார். கிளாசப்புக்குக் கிடைத்த புகழ் சில்வர் விட்டுக்கொடுத்த புகழ்.

சண்டை சமமானதாக இல்லை. சிட்னியிடம் 6 அங்குலப் பீரங்கிகள், எம்டனிடம் 4.1 அங்குலம். வேகமும் சிட்னிக்கே கூடுதல். முதல் குண்டுகளைக் குறிதவறாமல் போட்டது எம்டன்தான்; சிட்னியில் நான்கு பேர் இறந்தார்கள். ஆனால் எம்டன் இரண்டு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கப்பல் மூழ்கினால் மிச்சமுள்ளவர்களும் போய்விடுவார்கள் என்று, 11.20 மணி அளவில் முல்லர் அதை வடக்குக் கீலிங் தீவின் பவளப்பாறையில் ஏற்றிவிட்டார். எம்டனின் நிலக்கரிக் கப்பலைத் துரத்திப் போன சிட்னி நான்கு மணி அளவில் திரும்பிவந்தது. எம்டனின் கொடி அப்போதும் பறந்துகொண்டிருந்தது.

சரணடைகிறீர்களா என்று கொடிச் சைகையில் கேட்டார் கிளாசப். சைகைப் புத்தகங்கள் இல்லை என்று மோர்ஸில் பதில் வந்தது. அவரும் மோர்ஸுக்கு மாறி இரண்டு முறை கேட்டார். பதில் இல்லை. அவர்கள் கேப்டன் சரணடையவே மாட்டார் என்று, அந்த நிலக்கரிக் கப்பலில் கையில் சிக்கியிருந்த ஜெர்மன் அதிகாரிகள் சொன்னார்கள். 4.30-க்குச் சுடத் தொடங்கினார். 4.35-க்கு வெள்ளைக்கொடி தெரிந்தது, ஒருவர் மேலே ஏறிக் கொடியை இறக்கினார், குண்டு நின்றது. அந்த ஐந்து நிமிடத்திலும் உயிர்கள் போயின.

தோற்றோடுபவர்மேல் படைக்கலம் வீசாத வீரத்தைத் தழிஞ்சி என்று ஒரு துறையாகவே வைத்திருக்கிறது புறப்பொருள் வெண்பாமாலை. எம்டனால் ஓடவும் முடியவில்லை, பணியவும் இல்லை. கொடி பறக்கிறவரை அது சண்டையிடும் கப்பல் என்பதே கடல் வழக்கம். ஒரு பீரங்கியாவது உள்ளே இயங்குமா என்பதும் வெளியே இருப்பவருக்குத் தெரியாது. கொடியை இறக்க வேண்டிய பொறுப்பு முல்லருடையது. தளத்தில் கிடந்த காயம்பட்டவர்களுக்கு அவர் பட்ட கடன் அது. முல்லரைப் போற்றுகிற நாம் இதைப் பேசுவதே இல்லை.

ஆனாலும் கிளாசப்பின் பங்கு இதனால் கழிந்துவிடாது. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் சூளையைப் பிரித்த பிறகு எந்தப் பொம்மையில் விரிசல் என்று யாரும் சொல்லலாம், எரியும்போது உள்ளே பார்க்க முடியாது. போர்க்களத்து முடிவுகளையும் அப்படித்தான் பொறுத்துக்கொள்கிறோம். காலை பத்து மணியின் சிட்னிக்கு அந்தச் சலுகை உண்டு. மாலை நான்கரைக்கு நெருப்பு அடங்கிப் பல மணி நேரம் ஆகிவிட்டது. எம்டன் பாறையில் கிடந்தது, எங்கும் போகப்போவதில்லை. அவசரம் இருந்தது உண்மைதான்: பொழுது சாய்கிறது, தந்தி நிலையத்தில் என்ன ஆயிற்று என்று தெரியாது, வேறு ஜெர்மன் கப்பல் பக்கத்தில் இருக்கலாம். ஆனால் ஐந்து மணிக்குப் பிறகு ஜெர்மன் கைதிகளையே ஒரு படகில் ஏற்றி, காலையில் உதவிக்கு வருகிறேன் என்று எம்டனுக்குச் சொல்லியனுப்பினார். அந்தப் படகு நான்கரைக்கு முன்பே போயிருந்தால் கேள்வி வாய்மொழியாகவே போய்ச் சேர்ந்திருக்கும். கேள்வி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் மூன்று முறை கேட்டதைக் கேட்டதாகக் கணக்கில் வைக்க முடியாது. தவறு அங்கேதான்.

விழுந்த பகைவனுக்கு உதவுவதைத்தான் வீரத்தின் கூர்மை என்கிறார் வள்ளுவர், அதுவும் படைச்செருக்கு அதிகாரத்தில். மறுநாள் காலை கிளாசப் முதலில் தந்தி நிலையத்துக்குப் போனார். எம்டனிலிருந்து அங்கே கரையிறங்கியிருந்த ஜெர்மானியர்கள் ‘ஆயிஷா’ என்ற பாய்மரக் கப்பலில் தப்பிவிட்டிருந்தார்கள். அங்கே ஒரு மருத்துவரைக் கேட்டு வாங்கிக்கொண்டு எம்டனுக்கு விரைந்தார். ஓர் இரவு முழுக்கக் குடிநீர் இல்லாமல் காயத்தோடு கிடந்தவர்களை, அலை மோதுகிற பக்கத்தில் படகை நிறுத்தி ஒவ்வொருவராக இறக்கினார்கள். மாலை ஐந்து மணி வரை அந்த வேலை நடந்தது. எம்டனில் இறந்தவர்கள் 130-க்கும் மேல். நவம்பர் 15-இல் சிட்னி கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழையும்போது, படைவீரர் கப்பல்களிலிருந்து யாரும் ஆரவாரம் செய்ய வேண்டாம், காயம்பட்ட ஜெர்மானியர்கள் கப்பலில் இருக்கிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டார். முதல் வெற்றிக்காகக் காத்திருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்களிடம் அப்படிக் கேட்கத் துணிவு வேண்டும்.

பின்னாளில் வைஸ் அட்மிரல் வரை உயர்ந்து 1934-இல் இறந்தார். ஆனால் அவரை எடைபோடப் பதவிகளைவிட அவருடைய அறிக்கைதான் உதவும். வென்ற தளபதியிடம் யாரும் கணக்குக் கேட்கப்போவதில்லை. இருந்தும் அந்த ஐந்து நிமிடத்தை மணி குறித்து, சைகைப் புத்தகம் இல்லை என்று எதிரி சொன்ன பதிலையும் சேர்த்து, மனமில்லாமல்தான் சுட்டதாக மேலிடத்துக்கு எழுதினார். படகு எப்போது போனது என்பதும் அதே அறிக்கையில் இருக்கிறது. இன்று அவரைக் குறை சொல்ல நமக்குக் கிடைக்கும் சான்றுகளில் முக்கியமானவை அவர் கைப்பட எழுதிக்கொடுத்தவை.