சொன்ன சொல்லுக்கு விலை உண்டோ?

மலையிடுக்கிலே மூடுபனி. மேலே சிறு விமானத்தில் விமானி ஒருவர். செல்வதா, திரும்புவதா? கேட்கிறார், தரையிலிருந்து ஒரு குரல் விடை தருகிறது. அக்குரலுக்கு உரியவரின் முகத்தை அவர் கண்டதில்லை, பெயரை அறிந்ததில்லை. எனினும், அந்தச் சொல்லை நம்பியே பறக்கிறார்!

அமெரிக்க நாட்டிலே அது அரசின் குரலாக இருந்தது. வானிலை கூறுதல், பயணத் திட்டம் பதிதல், குறித்த நேரத்தில் வந்து சேராத விமானத்தைத் தேடச் செய்தல் – இவை வான்வழித் தகவல் நிலையங்களின் பணி. 2005 அக்டோபரில், அலாஸ்கா நீங்கலாக, 58 நிலையங்களின் பணி லாக்ஹீட் மார்ட்டின் எனும் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஊழியர் ஏறத்தாழ 2,500 பேர். பெரும்பாலோர் நாற்பதைக் கடந்தவர்கள்.

பலர் அதே பணியைத் தொடர்ந்தனர். ஆனால், அரசு ஊழியர் எனும் தகுதி போயிற்று. ஓய்வூதியத் தகுதிக்குச் சில ஆண்டுகளே எஞ்சியிருந்தோர், கரை கண்ட பின் கவிழ்ந்த கலத்தினர் ஆயினர். வயது கருதி இழைத்த அநீதி இதுவென்று நூற்றுக்கணக்கானோர் நீதிமன்றம் ஏறினர்.

சிக்கனம் வேண்டாவோ என்பர். வேண்டும்! வரிப்பணம் மக்கள் பணம். கணினி வந்த பின்னும் பழைய நிலையங்கள் அத்தனையும் அப்படியே இருக்கட்டும் என்று நாம் வாதாடவில்லை. மாறுதலுக்கு அஞ்சுபவன் பகுத்தறிவாளன் அல்லன். ஆனால், பகுத்தறிவு மற்றொன்றையும் கேட்கும்: மிச்சம் நாட்டுக்கு, இழப்பு சிலருக்கு மட்டும் – இது எந்த ஊர் நீதி?

ஓய்வூதியம் பிச்சையன்று, பெருந்தன்மையுமன்று. இன்று உழை, முதுமையில் தருவோம் என்று ஒத்திவைத்த கூலி அது! இருபதாண்டு உழைப்பைப் பெற்றுக்கொண்ட பின், "இனி உன் முதலாளி வேறு" என்று கூறலாமோ? பணியைக் கைமாற்றலாம், பட்ட கடனைக் கைகழுவலாகாது. மாற்றம் தேவையெனில், அதன் சுமையையும் அனைவரும் பகிர்ந்து தாங்குவதே அறம்.

விமானிகளேனும் நலம் கண்டனரா? 2007இல் நிலையங்களைச் சுருக்கி இணைத்தபோது, பழகாத கருவி, போதாத ஆள்பலம். விமானிகள் தொலைபேசியில் நெடுநேரம் காத்துக்கிடந்தனர்.

விண்ணில் பறப்பவர், தரையிலிருந்து வரும் சொல்லை நம்பினார். அச்சொல்லைத் தந்தவரோ அரசின் சொல்லை நம்பினார். முன்னது பொய்த்தால் விபத்து என்கிறோம்; பின்னது பொய்த்தால் மட்டும், சிக்கனம் என்பதோ?