கடைசி ஆள் வரும்வரை

யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, அநுராதபுரம், புத்தளம் வழியாகப் பொரளைக்குச் சைக்கிளில் வர ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஆனையிறவில் சோளகம் முகத்தில் அறையும். ஒருவர் முன்னே காற்றை வாங்கிக்கொள்ள, மற்றவர்கள் அவருடைய பின்சில்லை ஒட்டி மிதிப்பார்கள். அவர்களுக்கு உழைப்பு எவ்வளவோ குறையும். களைத்ததும் அவர் விலகி வரிசையின் கடைசிக்குப் போவார், அடுத்தவர் முன்னே வருவார்.

ஒலிம்பிக் குழுத் துரத்தல் போட்டியில் ஓடுவது நால்வர். முதல் ஆள் எவ்வளவு விரைந்தாலும், மூன்றாமவரின் முன்சில்லு கோட்டைத் தொடும்போதுதான் அணியின் நேரம் பதிவாகும். அருமையான விதி! நெடும்பயணத்துக்கு அதுவும் போதாது என்பேன்.

பொரளைச் சந்திக்கு முதலில் வந்தவர்களே, படம் எடுத்துவிட்டு வீட்டுக்குப் புறப்படாதீர்கள். பேலியகொடை வாகன நெரிசலில் ஒருவர் இன்னும் மிதித்துக்கொண்டிருக்கிறார். அவருக்கும் சேர்த்து பிளேன்ரீ சொல்லுங்கள்.