தோண்டியவர் ஒருவர், அடைப்பவர் யார்?

தந்தை பட்ட கடனை மகன் தீர்ப்பதை உலகம் ஒப்புக்கொள்ளும். ஆனால் முகமறியாத ஒருவர், இருநூறு ஆண்டுகளுக்கு முன் செய்துவிட்டுப் போன காரியத்தின் சுமை நம் தலைமேல் விழுந்தால் அதற்குப் பொறுப்பாளி யார்? இதை ஆராய, இங்கிலாந்தில் நடந்த ஒரு விஷயத்தை வாசக நேயர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

பாத் நகருக்கு அருகே கூம் டவுன் என்றோர் ஊர் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் ரால்ஃப் ஆலன் என்னும் தனவந்தர் அங்கே பூமிக்கடியிலிருந்து சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்தார். பாத் நகரின் அழகிய மாளிகைகள் பல அக்கல்லால் எழும்பியவையே. கூரை இடியாதிருக்க, இடையிடையே கல்லைத் தூணாக விட்டு வெட்டுவது அத்தொழிலின் முறை. பின்னர் அத்தூண்களையும் செதுக்கி எடுத்தார்கள். கடைக்காரர் பேச்சில் சொன்னால், லாபம் தீர்ந்ததும் முதலில் கை வைத்தார்கள். சுரங்கம் கைவிடப்பட்டது. மேலே வீடுகள் பெருகின.

1989இல் பள்ளம் வெட்டிய வேலையாட்கள் எதிர்பாராமல் சுரங்கத்தின் கூரையை உடைத்துவிட்டனர். பிறகு உள்ளே இறங்கி அளந்து பார்த்தார்கள். சில இடங்களில் மேல்தரைக்கும் வெற்றிடத்துக்கும் நடுவே இருந்தது 2 மீட்டர் கனமே. 700க்கு மேற்பட்ட கட்டடங்கள் அந்த எல்லைக்குள் இருந்தன.

செலவை யார் ஏற்பது? தோண்டியவர்கள் மண்ணோடு மண்ணாகிவிட்டார்கள். வீட்டுக்காரர்களோ நல்ல விலை கொடுத்து வாங்கியவர்கள், ஒரு கல்லும் எடுக்காதவர்கள். முடிவில் சர்க்கார் பொதுப்பணத்திலிருந்து 15 கோடி பவுனுக்கு மேல் கொடுத்தது. 2005 முதல் 2010 வரை வேலை நடந்தது. நுரை கலந்த காங்கிரீட் சுமார் 6 லட்சம் கனமீட்டர் உள்ளே செலுத்தப்பட்டது. அது பாரம் குறைந்தது; குழம்புபோல் ஓடி இண்டு இடுக்குகளை நிரப்பிப் பின் இறுகும். சுரங்கத்தில் குடியேறியிருந்த வௌவால்களுக்கும் இடம் ஒதுக்கினார்கள்.

"எங்கோ இருக்கும் வரி கட்டுபவன் இதற்கு ஏன் அழவேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் மவுத்தானவரின் சொத்தைப் பங்கிடுமுன் அவர் கடனைத் தீர்க்க வேண்டுமென்பதை நாம் அறிவோம். அக்கல்லின் அழகையும் செல்வத்தையும் ஒரு சமுதாயமே சுதந்தரித்துக்கொண்டது. அழகு எல்லோருக்கும், பள்ளம் மேலே குடியிருப்பவனுக்கு மட்டும் என்பது எந்தத் தராசில் சரியாகும்? மேலும், கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த குழிகள் குட்டைகளாகக் கண்ணுக்குத் தெரிகின்றன. கண்டவன் விலகிப் போகலாம். கூம் டவுனின் குழியோ வீட்டுத் தரைக்குக் கீழே ஒளிந்திருந்தது. காணமுடியாத ஆபத்தைத் தனியொருவன் எவ்வாறு விலக்குவான்? அதைப் பலர் கூடிச் சுமப்பதே நீதி.

எனினும் இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. பின்னால் பொதுப்பணம் வந்து அடைக்கும் என்றால், இன்று தோண்டுபவன் தூணை மிச்சம் வைப்பானா? ஆகவே மாண்டவர் விட்ட கடனை நாம் கூடிக் கட்டுவோம். உயிரோடிருப்பவனிடமோ, அடைக்கும் செலவுக்கான பணத்தை மண்வெட்டி எடுக்குமுன்பே ஈடாக வாங்கி வைக்க வேண்டும்.

இது சுரங்கத்துக்கு மட்டுமா? கடையானாலும் சங்கமானாலும், அடுத்து வருபவர் நிற்பதற்கென்று விட்ட தூணைச் செதுக்கி விற்றுவிட்டு, அதை லாபமென்று பேரேட்டில் எழுதலாகாது.